ராகு காலத்தில் ஓடிய டில்லர்

என் வீட்டுக்காரர் பாலு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். பாதுகாப்பு வாரத்தில் பேசச் சொன்னால் மைக்கை விடமாட்டார். "ஓடுற மெஷின்ல கை வைக்காதே" என்று அவர் முழங்கியதற்குப் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தட்டில்தான் நாங்கள் இன்றைக்கும் வடை வைத்துத் தின்கிறோம்.

அந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் கே.கே. நகர் வீட்டுக் கொல்லையில் மண்ணைக் கிளறும் டில்லர் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, அதன் பிளேடுகளை ஒட்டிக் குந்தியிருந்தார். மண்ணைக் கிளறியாயிற்று. இனிக் கத்தரி நட மண்ணை மேடாக அணைத்துப் பார் போட, பிளேடுகளுக்குப் பின்னால் கலப்பையை மாட்ட வேண்டும்.

"எஞ்சினை நிறுத்திட்டு மாட்டுங்க" என்றேன்.

"மணி நாலே முக்கால். ராகு காலம். இப்ப நிறுத்தினா ஆறு மணிக்கு மேலதான் ஸ்டார்ட் பண்ணணும். இருட்டிடும்."

காப்பியைக்கூடக் குடிக்காமல் நாலேகாலுக்கே ஓடிவந்து ஸ்டார்ட் செய்த ரகசியம் அப்போதுதான் விளங்கியது. நல்ல நேரத்தில் கிளம்பியது நிற்காமல் ஓடினால் ராகு கண்டுகொள்ளமாட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரல் போனா ராகுவா வந்து சோறு ஊட்டுவார்?"

"கிளட்ச் லீவரை விட்டாச்சு. பிளேடு சுத்துதா பாரு. பேசாம தள்ளி நில்லு, யமுனா."

தள்ளித்தான் நின்றேன். கலப்பையைத் தூக்கிப் பொருத்தப் போனவர் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார். தோள் கிளட்ச் லீவரில் இடித்தது. பிளேடுகள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. அவர் விரல்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன்.

"கெடுத்துட்டியே" என்றார்.

"ஆமா, கெடுத்துட்டேன். ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்து திட்டுங்க."

திட்டவும் செய்தார். ஐந்தரைக்கு, டில்லரை இரவல் கொடுத்த வீரமலை அதைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். இவரோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர். அவரை உட்கார வைத்து, ராகு காலத்தில் ஆரம்பித்து என் பிடிவாதம் வரை ஒன்றுவிடாமல் புகார் சொன்னார் பாலு. வீரமலை வலது கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான் இருக்கும்.

"பாலு, எனக்கு இது போனது வெள்ளிக்கிழமை காலைல ஒன்பதே முக்காலுக்கு" என்றார். "நல்ல நேரத்துலதான் ஆகியிருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில காலண்டரைப் பார்த்துச் சொன்னதே நீதானப்பா."

பாலு எழுந்து போய், அணைந்து கிடந்த எஞ்சின் தப்பித்தவறியும் கிளம்பாதபடி அதன் பிளக் கேப்பையும் கழற்றிவிட்டு, கலப்பையை மாட்ட உட்கார்ந்தார். ஆறு மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.