சுளுக்குக் கட்டு

மெட்ராஸ் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்னாடியே இவங்களுக்கு மூச்சு வாங்குமா?" அது 1968, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்.

கேட்டது என் தங்கை அருளம்மாளைப் பற்றி. பதில் சொன்னது அவள் புருஷன் லூர்துநாதன். "இல்லீங்க. அஞ்சாறு வருஷம் முன்னாடி பொண்ணு பார்க்க வந்தப்போ எல்லாருமா செஞ்சிக் கோட்டை ஏறினோம். இவ மட்டும் வரல. கால் சுளுக்கு."

அந்தச் சுளுக்கை உண்டாக்கியவன் நான்தான். பத்துப் படி ஏறினால் அவளுக்கு உதடு நீலமாகிவிடும். இருதய வால்வு சுருங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யுங்கள் என்று ஒரு டாக்டர் அப்போதே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். மார்பில் தழும்போடு இருப்பவளை எவன் கட்டுவான்? சீட்டை அடுப்பில் போட்டேன். நன்றாயிருந்த காலில் துணியைச் சுற்றி அவளை உட்கார வைத்தேன். வாத்தியார் மூளை அல்லவா! மாதாமாதம் கோயிலுக்குப் போய்ப் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். இதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

"அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா வால்வை விரிச்சு விட்டிருக்கலாம்" என்றார் டாக்டர்.

லூர்துநாதன் எழுந்து நின்றுவிட்டார். "இருதயத்தையே மாத்துறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துதே. என்னுத எடுத்துக்குங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கறவர்கிட்ட எடுக்க முடியாதுப்பா. இவங்களுக்கு நுரையீரலும் கெட்டுப்போச்சு. இருதயம் மட்டும் புதுசா வெச்சா தாங்காது. ரெண்டையும் சேர்த்து மாத்தணும். வெளிநாட்டுல இந்த வருஷம்தான் ஒரு குழந்தைக்குச் செஞ்சு பார்த்தாங்க. ஒரு நாள்கூட இருக்கல."

அருளம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஊர் திரும்பும் வழியில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வல்லம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அவள் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அத்தனை பேர் பார்க்க, லூர்துநாதன் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அப்ப சுளுக்குனது எந்தக் கால்? அதை மட்டும் மெதுவா அழுத்தணும்."

அவள் என்னைப் பார்த்தாள். எந்தக் காலில் கட்டினேன் என்பது எனக்கே ஞாபகம் இல்லை.

"எந்தக் காலும் சுளுக்கல மாப்ளே" என்றேன். மீதியையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் காலை விடாமல், குனிந்தபடியே சொன்னார்:

"தழும்பு இருந்தா இன்னா மச்சான்? ஆபரேஷன் பண்ண வெச்சே கட்டியிருப்பேனே."