செவ்விலைக் கஷாயமும் மீன் கருக்களும்

பை நிறையச் செவ்விலைகளோடு அக்கா மிலாக்ரோஸ் பல்கலைக்கழகப் பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றதும், அங்கே ஆய்வு மாணவியாக இருந்த லுவால்ஹாதிக்குப் பகீரென்றது. வேலியோரம் அழகுக்கு வளர்க்கிற செடிதான். போன மழைக்காலத்தில், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வாந்தியில் துவண்டுகிடந்த அக்காவுக்கு அடுத்த வீட்டு இனெஸ் இந்த இலையைத்தான் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இரண்டே நாளில் கரு கலைந்தது. அன்றிலிருந்து இனெஸின் முகத்தில் அக்கா விழிப்பதில்லை.

"அலங்காரச் செடியையெல்லாம் மீன் முட்டையில விட்டுப் பாக்குறியாமே. இதையும் பாரு. அவதான் என் புள்ளைய கொன்னான்னு எனக்குக் காகிதத்துல வேணும்."

"அக்கா, மீன் வேற, மனுஷி வேற. இதை வச்சு அப்படியெல்லாம் சொல்ல முடியாது."

"எனக்குப் பாடம் நடத்தாதடி. செய்வியா, மாட்டியா?"

பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஆய்வுப் பட்டியலில் இன்னொரு செடியாக அதையும் சேர்த்தாள் லுவால்ஹாதி. அக்கா சொன்ன அளவிலேயே இலையைக் கொதிக்கவைத்து வடித்தாள். குழித்தட்டில், குழிக்கு ஒன்றாக வரிக்குதிரை மீனின் கருக்கள், கடுகளவுகூட இல்லாதவை. ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர். மற்ற வரிசைகளுக்குக் கஷாயம், ஒன்றைவிட ஒன்று கூடுதல் திடமாக.

செத்த கரு வெளுத்துப்போகும். வெளுத்தவை நிறைய இருக்கவேண்டுமே என்று தன் மனசும் ஆசைப்படுவது, முதல் நாள் நுண்ணோக்கியில் குனிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் இதயங்கள் துடித்தன. மூன்றாம் நாள் அநேகமாக எல்லாம் பொரிந்துவிட்டன.

நான்காம் நாள் மிலாக்ரோஸ் பிபிங்கா என்கிற சூடான அரிசிக் கேக்கோடு வந்தாள். அதைக் கீழே வைக்காமலே நுண்ணோக்கியில் பார்த்தாள்.

"துடிக்குதே."

"ம்."

"ரொம்பத் திடமா ஊத்துனதுலகூடவா?"

"அதுல ரெண்டு செத்துச்சு. வெறும் தண்ணியிலயும் ஒண்ணு செத்துச்சுக்கா."

"தண்ணியில ஏன் சாகணும்?"

"தெரியல. சிலது அப்படித்தான் போயிடும்."

மிலாக்ரோஸ் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இனி நான் யாரைத் திட்டுறது, லுவால்?" என்றாள். பிறகு, "இதுங்களை என்ன பண்ணுவ?"

சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும். லுவால்ஹாதி அக்காவின் முதுகில் கை வைத்தாள். முதுகு குலுங்கியது.

அன்று சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியபோது இனெஸ் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினாள்.

"இனெஸ்," என்று கூப்பிட்டாள் மிலாக்ரோஸ். "மீனுக்கு ஒண்ணும் ஆகலையாம்."

இனெஸுக்கு ஒன்றும் புரியவில்லை. லுவால்ஹாதிதான் விளக்கினாள். கேட்கக் கேட்க இனெஸ் கையிலிருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கொன்னுட்டேன்னு இத்தனை மாசமா பாதிரியார்கிட்ட போய் அழுதுட்டு வரேன்."

மிலாக்ரோஸ் அவளைத் தொடவில்லை. கொடியில் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.