காதைக் கட்டாத மருந்து

பச்சியப்பனின் காலில் மண்வெட்டி பட்டுப் பத்து நாள் கழித்துத் தாடை பூட்டிக்கொண்டது. ரணஜன்னி என்றார்கள். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வில்லாக வளைந்தது. அதனால் தசைகளெல்லாம் தளர்ந்து கிடக்கும்படி ஊசி போட்டார்கள். மூச்சு விடுகிற தசையும் சேர்ந்தே தளர்ந்துவிடும். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, அதில் ஒரு ரப்பர் பையை மாட்டி, மனைவி மாதம்மாளின் கையில் கொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷின் கிடையாது. அமுக்கு, விடு, மூன்று எண்ணு, மறுபடி அமுக்கு. அவளும் அவள் தம்பி காளியப்பனும் மாறி மாறி அமுக்கி ஆறு நாள் ஆகியிருந்தது.

“அசையாம கெடக்கறாரேன்னு நெனைக்காதே,” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் சகாயமேரி சிஸ்டர். “இந்த மருந்து ஒடம்பத்தான் கட்டும். காதக் கட்டாது. மெதுவா எதுனா பேசிட்டே இரு.”

கிணற்றில் தண்ணீர் இறங்கியதை, ஆடு குட்டி போட்டதை, பக்கத்து வீட்டுச் சண்டையை, எல்லாம் பேசினாள் மாதம்மாள்.

“நீ பேசற பேச்சுக்கே எந்திரிச்சு ஓடப்போறாரு பாரு,” என்றாள் சிஸ்டர்.

ஏழாம் நாள் மதியம், காளியப்பன் மருந்து வாங்கச் சேலம் போயிருந்த நேரத்தில், பச்சியப்பனின் அண்ணன் பெரியண்ணன் வந்தார். கட்டிலருகே நின்று, தம்பிக்கு நினைவில்லை என்றே எண்ணிச் சொன்னார்.

“மாதம்மா, பாப்பா போயிருச்சு. வெடியக்காலத்துல இருந்து வாந்திபேதி. பொழுதெறங்கறதுக்குள்ள எடுத்தாகணும். வந்து மொகத்தப் பாத்துரு.”

ஏழு மாதக் குழந்தை காவேரி. அதை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள் மாதம்மாள்.

மாதம்மாளின் வாய் திறந்தது. சத்தத்தை அவள் வரவிடவில்லை. கை அமுக்கியது. விட்டது. மூன்று எண்ணியது.

“நான் புடிக்கறேன், நீ போ.” பெரியண்ணன் பையை வாங்கினார். அமுக்கியவர் விட மறந்தார். பச்சியப்பனின் நெஞ்சு எழும்பியபடியே நின்றது. அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள். சிஸ்டரைக் கேட்கலாமா என்று பார்த்தாள். நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி.

“நீங்களே எடுத்துருங்க மாமா,” என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு குரலெடுத்து, “பாப்பா பால் குடிச்சுதாங்க?” என்றாள்.

பெரியண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அவர் சொன்னது பச்சியப்பன் காதில் விழுந்ததோ, இடையிடையே போட்ட தூக்க ஊசியின் மயக்கத்தில் கிடந்தானோ, அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண்கள் மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அன்றிலிருந்து குழந்தையைப் பற்றியே பேசினாள். பல் முளைக்க வைத்தாள், தவழ வைத்தாள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது.

பதினைந்தாம் நாள் மருந்தை நிறுத்தினார்கள். மறுநாள் மூச்சு தானாக ஓடியது. விரல்கள் அசைந்தன.

“பாப்பா நேத்து முட்டி போட்டு வாசப்படி வரைக்கும் வந்துதாமுங்க,” என்றாள்.

பச்சியப்பனின் கை நடுங்கிக்கொண்டே எழும்பி அவள் முகத்துக்கு வந்தது. உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான்.

அந்தக் கைக்குள்ளேயே அவள் அழுதாள்.