நீல நூல் தைத்த ஜாக்கெட்

லேபில் எல்லோரும் அவளை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பைக்கின் பின்சீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போய், ரத்தம், சிறுநீர், சளி என்று குப்பி குப்பியாகச் சேகரித்து வந்து லேபில் ஒப்படைப்பது அவள் வேலை. ஒருமுறை மூடி சரியாகத் திருகாத மலக் குப்பி ஒன்று கவிழ்ந்து பெட்டி முழுக்க ஒழுகிவிட்டது. அன்றுகூட அவள் முகம் சுளிக்கவில்லை. துடைத்தாள், கை கழுவினாள், அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"எனக்கு அருவருப்புங்கற நரம்பே அறுந்துபோச்சு" என்று சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஜாக்கெட் குமட்டலைக் கொண்டுவந்தது.

ஜல்லி கொட்டிக் கிடந்த ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கி, முழங்கைத் தோல் உரிந்து அவள் வந்தபோது, இனிமேல் ஜாக்கெட், கையுறை, நல்ல ஹெல்மெட் இல்லாமல் யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அவள் கடைக்குப் போய் ஒன்றிரண்டு போட்டும் பார்த்துவிட்டு வந்தாள். விஷயம் அக்கா வழியாக அத்தான் காதுக்குப் போனது.

அத்தானிடம் கொக்கி வைத்த மீட்பு லாரி இருந்தது. நடுவழியில் நின்றுபோன வண்டி, மோதி நசுங்கிய வண்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய்த் தன் யார்டில் போடுவார். வாரக் கடைசியில் ஒரு பெரிய பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கழுத்தில் எப்போதும் போல ஈரத் துண்டு.

"நானிருக்கும்போது நீ எதுக்கு கடைக்காரன்கிட்ட போய் ஏமாறணும்? வெளிநாட்டு சரக்கும்மா. ஒருத்தர் ரெண்டே தடவை போட்டுட்டு வேண்டாம்னு குடுத்துட்டார்."

ஜாக்கெட், கையுறை, பளபளவென்று கறுப்பு ஹெல்மெட். அம்மாவுக்கு மருமகனைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. ஜாக்கெட் அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

இரண்டு நாள் வெயிலில் ஓட்டியதும் சென்ட் ஆவியாகிப் போனது. அதற்கு அடியில் இருந்தது மெல்ல மேலே வந்தது. ஈரச் சாக்கின் வாடை. யாருடையதோ புளித்த வியர்வை. அதற்கும் கீழே, இரும்பை நக்கியது போல ஒன்று. அந்தக் கடைசி வாடை அவளுக்கு அத்துப்படி. தினமும் சுமப்பதே அதைத்தானே. பெட்டியிலிருந்து ஒட்டியிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் இருந்த காப்புத் தகடுகளை உருவி எடுத்துவிட்டு, ஜாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். தண்ணீர் துருக் கரைத்தது போல ஆனது. கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தாள். மறுபடியும். நிழலில் காயப்போட்டு எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. உடம்புச் சூடு ஏறியதும் பழைய கதை. சிக்னலில் நிற்கும்போது யாரோ பின்னாலிருந்து கழுத்தில் மூச்சு விடுவது போல இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை பூராவும் அரித்தது.

"சும்மா மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்தா அப்படித்தான் இருக்கும். நாலு நாள் போட்டா பழகிடும்" என்றாள் அம்மா.

பழகவில்லை. ஆனால் போட்டாள்.

அவள் போகும் கிளினிக்குகளில் ஒன்றில் ஒரு நர்ஸ் உண்டு. "வாங்க ஐஸ்பெட்டி, இன்னிக்கு அறுவடை கம்மிதான்" என்று எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவள். அன்று குப்பிகளை வாங்கிப் பெட்டியில் அடுக்க இவள் குனிந்தபோது, பின்னால் நர்ஸின் பேச்சு சட்டென்று நின்றது. ஒரு விரல் அவள் தோளைத் தொட்டது.

"இது எங்க வாங்கினீங்க?"

"எங்க அத்தான் குடுத்தார். ஏன்?"

"கொஞ்சம் கழட்டுறீங்களா?"

நர்ஸ் ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பினாள். இடது தோளின் உள்பக்கம் ஒரு கிழிசல். அதை வானநீல நூலால் தாறுமாறாக யாரோ தைத்திருந்தார்கள்.

"வீட்ல கறுப்பு நூல் இல்ல" என்றாள் நர்ஸ். "உள்பக்கம்தானேக்கா, யாரு பாக்கப்போறான்னான் என் தம்பி. நான்தான் தைச்சேன். எனக்கு முடிச்சுகூட ஒழுங்கா போட வராது. இங்க பாருங்க, எவ்வளவு பெரிய முடிச்சு."

அவளுடைய தம்பி போன மழையில் நெடுஞ்சாலையில் லாரி இடித்து இறந்துபோனவன். மூச்சு விடட்டும் என்று அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் கழற்றியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. எல்லாம் முடிந்த பிறகு, நசுங்கிய பைக்கைப் பார்க்கக் குடும்பமே யார்டுக்குப் போயிருக்கிறது.

"ஜாக்கெட்டாவது இருக்கான்னு எங்கம்மா கேட்டாங்க. அப்படி எதுவுமே வரலம்மான்னார் அந்த ஆளு. கழுத்துல ஒரு ஈரத் துண்டு போட்டிருந்தார். அம்மாவை உக்கார வச்சு, தண்ணி குடுத்து, அவ்வளவு ஆறுதலா பேசினார். நல்ல மனுஷன்னு வீட்டுக்கு வந்து பேசிக்கிட்டோம்."

நர்ஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பைக்கின் கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவனோடது சிவப்பு" என்றாள், கொஞ்சம் நிம்மதியோடு.

இருவரும் வெளியே வந்தார்கள். அவள் வண்டிச் சாவியால் ஹெல்மெட்டின் ஓரத்தைச் சுரண்டினாள். கறுப்புப் பெயின்ட் பொருக்காக உதிர்ந்தது. அடியில் சிவப்பு. உள்ளே இருந்த துணியைப் பிய்த்து இழுத்தாள். வலது பக்கம் வெள்ளை நுரைக்கட்டை அப்பளமாக நசுங்கி, பழுப்புக் கறையோடு பள்ளம் விழுந்திருந்தது. வெளி ஓட்டின் விரிசலைப் பட்டி பூசி அடைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தோடுதான் இத்தனை நாளாக அவள் தலை ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்தபோது நர்ஸ் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கழுத்துப்பட்டையை மோந்தாள், அக்குளை மோந்தாள், உள்ளே கையை விட்டு ஓரம் ஓரமாகத் தேடி மோந்தாள்.

"சோப்பு வாசனைதான் வருது" என்றாள்.

ஊறவைத்துக் கொட்டியது நான்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை.

வேறொரு ஆளை அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி லேபுக்குச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக யார்டுக்குப் போனாள். பின்பக்கக் கொட்டகைக்குள் அவள் அதுவரை போனதே இல்லை. கயிற்றில் வரிசையாக ஜாக்கெட்டுகள். பலகைத் தட்டுகளில் ஹெல்மெட்டுகள், பக்கத்தில் பெயின்ட் டப்பாக்கள், ஒரு சென்ட் பாட்டில். அக்கா குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியில் ஹெல்மெட் பஞ்சுகளை அமுக்கி அமுக்கிக் கசக்கிக்கொண்டிருந்தாள். நுரையில் யார் யாருடையதோ மயிர் மிதந்தது.

"அடடே, வா வா. சாப்பிட்டியா?" என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்தாள் அக்கா.

அத்தான் உள்ளே வந்தார். அவள் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் பையனோட அம்மா கேட்டப்ப இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. "குடுத்தா என்ன பண்ணிருப்பாங்க? கட்டிக்கிட்டு அழுதிருப்பாங்க. ரோட்டுல விட்டிருந்தா நாய் இழுத்துட்டுப் போயிருக்கும். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு உதவட்டுமேன்னு குடுத்தேன். இதுல என்ன தப்பு?"

"ஹெல்மெட் ஒடஞ்சது அத்தான். இன்னொரு அடி விழுந்தா தாங்காது. என் தலையும் அதோட சேர்ந்து போயிருக்கும்."

"விழாம ஓட்டு" என்றார், ஏதோ நல்ல யோசனை சொல்வது போல.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய ஒரு ஹெல்மெட் அவள் கண்ணில் பட்டது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புதுசு.

"அது யாருக்கு?"

"நம்ம பெரியவனுக்கு. காலேஜுக்கு வண்டியில போறான்ல" என்றாள் அக்கா.

"இங்கதான் இத்தனை கெடக்கே. இதுல ஒண்ணைக் குடுக்கிறதுதானே?"

அக்காதான் சொன்னாள். "சீ! என் புள்ள எதுக்கு இதைப் போடணும்?"

அந்த 'சீ' உள்ளத்திலிருந்து வந்தது. அக்காவின் மூக்கு நிஜமாகவே சுருங்கியது. வாளித் தண்ணீரைவிட, கறையைவிட, அந்தச் சுருங்கிய மூக்குதான் தங்கைக்கு அருவருப்பாக இருந்தது. தெரியாமல் செய்யவில்லை. எது என்னவென்று நன்றாகத் தெரிந்து, தரம் பிரித்து, தன் பிள்ளைக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறாள்.

மேஜையில் கத்தரிக்கோல் கிடந்தது. எடுத்தாள். முதல் ஹெல்மெட்டின் தாடை வாரை நறுக்கினாள். கட்ட வார் இல்லாத ஹெல்மெட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்தது. அடுத்தது.

"ஏய், பைத்தியமா உனக்கு?" அத்தான் அவள் கையைப் பிடிக்க வந்தார்.

"தொடாதீங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் நின்றுவிட்டார். வார் தடித்திருந்தது. விரல் கன்றிச் சிவந்தது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது உள்ளேயிருந்து அதே வாடை வந்தது, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினாள்.

"கூடப் பொறந்தவளாடி நீ? எங்க வயித்துல அடிக்கிறியே!" என்று அக்கா அழுதாள். ஹெல்மெட் வாங்க வந்து வாசலில் நின்ற ஒரு ஆள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் நழுவினான்.

நர்ஸின் வீட்டார் புகார் கொடுத்தார்கள். அவளும் உடன் போய் நடந்ததைச் சொன்னாள். போலீஸ் வந்து ஜாக்கெட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போனது. அத்தானைக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். யார்டு கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது, பிறகு திறந்துகொண்டது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருமகனைக் காட்டிக்கொடுத்தவள் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அம்மா மூட்டை முடிச்சோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலில் பார்த்துவிட்டு வந்த கடைக்கே அவள் மறுபடி போனாள். ஹெல்மெட்டை மாட்டித் தலையை இப்படியும் அப்படியுமாக உலுக்கினாள். கன்னத்தைக் கவ்விப் பிடிப்பதாகப் பார்த்து எடுத்தாள். ஜாக்கெட்டில் காற்று புகும் வலைத்துணியாகத் தேடி, முழங்கையை மடக்கித் தகடு நகர்கிறதா என்று பார்த்தாள். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பி, தையல் தையலாக மோந்தாள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பசையும் ரப்பரும்தான் நாறின. இப்போது அவளுடைய வியர்வை நாறுகிறது. லீவு நாளில் துவைத்துக் காயப்போடுகிறாள்.

ஒரு நாள் அம்மாவின் மாத்திரைகளைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கதவைத் திறந்தது அத்தான். ஒன்றுமே நடக்காதது போல முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா, வா. கோபமெல்லாம் தணிஞ்சுதா? உன்னைப் பத்தி நான் யார்கிட்டயும் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்கம்மாவையே கேளு. உள்ள வந்து ஒரு வாய் காபி குடி."

நசுங்கிய பைக்கைப் பார்க்க வந்த அந்த அம்மாவிடமும் இதே குரலில்தான் பேசியிருப்பார். அவளுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. மாத்திரைப் பையை வாசல்படியில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கினாள்.

"பாத்தீங்களா அத்தை, எவ்வளவு திமிர்" என்று அவர் உள்ளே பார்த்துச் சொல்வது தெருவரை கேட்டது.

அவள் தெருவோரம் காறித் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டிய கிளினிக்குகள் இன்னும் பாக்கி இருந்தன.