யாருடைய துடிப்பு

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பாம்புக்காது. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, வயிற்றின்மேல் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவி ஒன்றை அவரே வாங்கிவந்தார். பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க இருவருக்கும் மனம் தாங்கவில்லை.

வேலை முடிந்து வந்ததும் கைகழுவிக் கருவியை வைப்பார். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வரும். "அப்பா குரல் கேட்டதும் என்ன ஓட்டம் பாருங்க" என்று அவள் சிரிப்பாள்.

ஒருநாள் சாயங்காலம், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொன்னாள்: "காலையிலேர்ந்து அசைவே இல்லைங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"இரு, கேட்டுப் பாத்துடலாம்."

வழக்கமான இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நகர்த்தி, அழுத்தி, இடுப்போரமாக ஒரு துடிப்பைப் பிடித்தார். நிதானமாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது. சீராக ஓடுகிற எதையும் அவர் சந்தேகப்பட்டுப் பழகியதில்லை.

"இதோ கேளு. நல்லாத்தான் இருக்கான்."

"மெதுவா இருக்கே?"

"தூங்குறவன் ஓடுவானா?"

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் காதில் விழுவதை எப்படி இல்லையென்பது? மறுநாள் காலையிலும் அதே சத்தம் கேட்டது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். மதியம் அவருடைய அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அக்காவின் போன் வந்ததும் அவர் அடித்துப்பிடித்து ஓடிவந்தார். மனைவியின் வயிற்றில் துடிப்புக் கருவியின் பட்டையைக் கட்டியிருந்தார்கள். அறை முழுக்கத் துடிப்புச் சத்தம். "வருதே, பயப்படாதீங்க" என்றாள் இளம் நர்ஸ். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது உள்ளே வந்த பெரிய நர்ஸ், அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் கருவியின் சத்தத்தைக் கேட்டார். முகம் மாறியது.

"இது உங்க துடிப்பும்மா."

ஸ்கேனில் குழந்தையின் இதயம் அசையவில்லை.

"இந்த மாதிரிக் கருவி யாரோட துடிப்புன்னு பிரிச்சுச் சொல்லாது" என்றார் டாக்டர். "அம்மாவோட ரத்தக்குழாய் பக்கத்துலயே ஓடுது. சில சமயம் எங்களையே ஏமாத்திடும்."

"நேத்தே வந்திருந்தா, டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"தெரியல. நேத்தே போயிருக்கலாம். காப்பாத்தியிருக்கவும் முடிஞ்சிருக்கலாம்."

இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பிரசவமானது. இத்தனை நாளும் அவர் 'அவன், இவன்' என்று பேசிவந்தது பெண்குழந்தையை. துணியில் சுற்றிக் கொடுத்ததை அவள் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். "மூக்கு உங்களுது" என்றாள்.

அதற்குப் பிறகு வீடு திரும்பும்போது காரில்தான் அவரிடம் வாய் திறந்தாள். "நீங்க சொன்னதக் கேட்டேன். என் வயிறு சொன்னதக் கேக்கல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவள் ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பால் சுரந்திருந்தது. உடம்புக்கு யாரும் சேதி சொல்லவில்லை.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கூடத்தில் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டது.

"கதவச் சாத்துங்க" என்றாள்.

அவர் துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினார்.

"உள்ள இருந்து சாத்துங்க."