அம்மாவின் எட்டுத் தடவை

என் அப்பா பொன்னையாவுக்கு வன்னி பிடிக்காது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து நாற்பத்தெட்டு வருடமாக இங்கேதான் சோறு தின்கிறார், இருந்தும் பிடிக்காது. "இதெல்லாம் ஒரு ஊரே? தோசைக்கல் மாதிரித் தட்டையாக் கிடக்கு. இஞ்சத்தை ஆக்களுக்கு மலை எண்டால் குளக்கட்டுத்தான்" என்பார். புளியங்குளத்திலிருந்து உள்ளே நாலு கட்டை தூரத்தில் எங்கள் வீடு. அந்த நாலு கட்டைக்குள் அவர் சிவனொளிபாதமலை ஏறிய கதையைக் கேட்காத காது கிடையாது. கலியாண வீடு, செத்த வீடு, கமக்காரர் கூட்டம், எங்கே போனாலும் இதே புளுகு. "எட்டுத் தரம் ஏறினவன் நான். எட்டுத் தரம்!"

அவர் அளக்கும்போதெல்லாம் அம்மா குசினிக்குள் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருப்பார். ஒரு சொல் பேசமாட்டார். போன வருடம் ஆசுபத்திரிக் கட்டிலில், சாவதற்கு மூன்று நாள் முன்னால்தான் என்னிடம் வாய் திறந்தார்.

"ஒங்கப்பா ஏறவே இல்ல புள்ள. அவரு தோட்டத்துல தொர பங்களாவுல கோப்ப கழுவுனாரு. நாந்தான் ஏறுனேன். மேல இருக்கிற கடைங்களுக்கு மாவு மூட்ட, சீனி மூட்ட தூக்கிக்கிட்டு, எட்டுத் தடவ."

மலையுச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அதை அடிப்பது வழக்கம்.

"நீங்கள் எத்தினை தரம் அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"சும தூக்க வந்தவளுக்கு மணி எதுக்கு? மூட்டய எறக்கி வச்சுட்டு ஓடியாந்துருவேன்."

அன்றைக்கே முடிவெடுத்தேன். இந்த மனுசனை அந்த மணிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எத்தனை அடிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தை மாதம் கூட்டிக்கொண்டு போனேன். ஊரெல்லாம் இரவில் ஏறும். அப்பாவுக்கு இருட்டில் படி தெரியாதாம், அதனால் விடிந்த பிறகு ஏறினோம். "ஒன்பதாவது தரமெல்லோ அப்பா, முன்னுக்கு நடந்து வழி காட்டுங்கோ" என்றேன். வழி எங்கே காட்டுவது? நூறு படிக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இறங்கி வருகிறவர்களை எல்லாம் மறித்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பாதி வழியில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. அங்கேயும் கேட்டார். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள்.

"மலைக்கு வர்றவங்க அப்புடிக் கேக்கக் கூடாதுங்க ஐயா. மொதத் தடவையா?"

"ஒன்பதாவது" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எனக்கு வந்த சிரிப்பைத் தேத்தண்ணீரோடு விழுங்கினேன்.

உச்சிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அப்பாவுக்குக் கால் இரண்டும் உதறின, முகம் வெளிறிக் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஒன்றோடு நிறுத்தினாரென்றால் மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் முறை வந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்தவில்லை. பின்னால் நின்ற பெடியங்கள் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். ஒன்பது முடிந்ததும் கை தட்டினார்கள். அப்பா கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்று சிரித்தார். சீ! சிவன் பாதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுமா?

அடுத்தது நான். ஒரு முறை அடித்தேன். கயிற்றை விடவில்லை. இரண்டாவதும் அடித்தேன்.

"உனக்கு ஒண்டுதானடி! என்ன, விசரே உனக்கு?" என்று அப்பா கயிற்றைப் பறிக்க வந்தார்.

"ஒண்டு எனக்கு. மிச்சம் அம்மாவுக்கு. மா மூட்டை தூக்கி ஏறின எட்டுத் தரம்."

அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. மிச்ச ஏழையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் அடித்தேன். யாரும் கை தட்டவில்லை.

இறங்கும்போது நான் முன்னால் நடந்தேன். இந்த மனுசனோடு என்ன கதை? அதே தேத்தண்ணீர்க் கடை வந்ததும் மர வாங்கில் பொத்தென்று குந்தினார்.

"என்னங்க ஐயா, ஒம்பது அடிச்சாச்சா?" என்றாள் கடைக்காரப் பெண்.

அப்பா கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார். அது அம்மாவின் பேச்சு. என் ஆயுளில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத மலைநாட்டுப் பேச்சு. "நா இன்னைக்குத்தான் மொதத் தடவ. எட்டுத் தடவ ஏறுனது எம் பொஞ்சாதி. மூட்ட தூக்கிக்கிட்டு ஏறுனா. ஒங்க கடைக்கும் கொண்டாந்திருப்பா."

"அட! அவங்கள ஏங்க கூட்டிக்கிட்டு வரல?"

அப்பா என்னைப் பார்த்தார். அதையும் அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.