கட்டித் தோல்

அமிர்தவள்ளிக்கு ஐந்து வயது நடக்கும்போது வேலூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கிய பிள்ளை. மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தை முக்கால்வாசி திருப்பியிருந்தார்கள். மீதியைப் பூட்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வளர்ற காலு. எலும்பு இளசா இருக்கறப்பவே திருப்பிடணும். இந்த வருஷத்தை விட்டா பூட்ஸால ஆகாது," என்றார் டாக்டரம்மா.

செய்முறையைப் பிள்ளையின் அம்மா முனியம்மாவுக்கு நர்ஸ் செய்து காட்டினாள். சாயங்காலம் கழற்றியதும் காலைக் கழுவி விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். சிவந்த இடத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். அரைமணியில் சிவப்பு மறைந்தால் பயமில்லை, மறையாவிட்டால் புறப்பட்டு வந்துவிட வேண்டும். எப்படியிருந்தாலும் மூன்று மாதத்தில் புது அளவு எடுக்க வர வேண்டும்.

முனியம்மாவின் புருஷன் சுப்பராயன் பாதிதான் காதில் வாங்கினான். அவன் கண் பூட்ஸ் மேலேயே இருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவனுக்குப் பதினெட்டு வருஷ வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறி ஊறி விரல்நுனிகள் மரத்துப்போனதால், தோல் பதமாகிவிட்டதா என்பதைக் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பான். அவன் ஆயிற்று என்றால் மேஸ்திரி ஆபித் பாஷா மறுபேச்சுப் பேசமாட்டார்.

ரயிலில் பூட்ஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். உள்பக்கத்தில், கட்டைவிரலிலிருந்து குதிகால் வரைக்கும், பலகை மாதிரி ஒரு தோல் வைத்துத் தைத்திருந்தது.

"இன்னா தோலு இது. வைத்தியம் தெரிஞ்சவங்களுக்குத் தோல் தெரியல."

"குடுத்ததை அப்பிடியே வச்சிக்க. உன் மேதாவித்தனத்தை ஷாப்போட வச்சிக்க," என்றாள் முனியம்மா.

தினமும் காலையில் பூட்ஸ் மாட்டும்போது பிள்ளை அழுதது. சாயங்காலம் கழற்றினால் கட்டைவிரல் ஓரமெல்லாம் சிவந்திருக்கும். நர்ஸ் சொன்னபடியே அரைமணிக்குள் மறைந்தும்விடும். மறைவதற்குள் சுப்பராயன் மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்ப்பான்.

பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் மேஸ்திரியிடம் ஆட்டுத்தோல் துண்டு ஒன்று கேட்டான்.

"இன்னாத்துக்குப்பா? புது மாப்பிள்ளைக்கு ஜோடா?"

"பொண்ணு பூட்ஸுக்கு பாய். காலு செவந்துபோவுது."

"ஆஸ்பத்திரிக்கே தோல் சொல்லிக்குடுக்கப் போறியா? ஜாஸ்தியாப் போறே," என்று சிரித்தார் ஆபித் பாஷா. சிரித்துக்கொண்டே அடுக்கிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தையலைப் பிரித்தான். கட்டித் தோலை வெளியே எடுத்தான். ஆட்டுத்தோலில் புங்கெண்ணெய் தேய்த்து, உருட்டி, மடக்கி, கன்னத்தில் வைத்தால் இருப்பதே தெரியாத பதத்துக்குக் கொண்டுவந்து அதே ஓட்டைகளில் தைத்தான். திங்கட்கிழமை அமிர்தவள்ளி அழவில்லை. தெருக்கோடி வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள்.

மூன்று மாதம் ஆனது. கால் சிவக்கவில்லை, பூட்ஸ் இறுக்கவும் இல்லை. கால் வளர வளர ஆட்டுத்தோலும் கூடவே இழுத்துக் கொடுத்தது. சுகமாக இருக்கிற பிள்ளைக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்றான் சுப்பராயன். ஷாப்பில் அப்போது வேலையும் ஜாஸ்தி.

"பூட்ஸ் அடி ஒரு பக்கமாவே தேயுது பாரு," என்று முனியம்மா ஒருநாள் காட்டினாள்.

"எல்லா அடியும் அப்பிடித்தான் தேயும். எனக்குத் தெரியாதா?"

பத்தாம் மாதம் அடி ஓட்டை விழுந்த பிறகுதான் போனார்கள். டாக்டரம்மா பூட்ஸைக் கழற்றி அதற்குள் கையை விட்டுத் தடவினார். கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"யாரு பிரிச்சது?"

"நான்தாம்மா. அழுதுச்சு."

"காலைத் தள்ளிப் பிடிக்கத்தான் அது அவ்வளவு கட்டியா இருந்தது. அது போனதும் காலு பழைய பக்கமே திரும்பிடுச்சு. அந்தப் பக்கமாவே வளர்ந்தும் இருக்கு."

சுப்பராயன் மடியிலிருந்து துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். கட்டித் தோலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். "இன்னிக்கே தைச்சிடறேம்மா. அதே ஓட்டைதான்."

அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "இனிமே பூட்ஸால ஆகாது. பெரியவளானப்புறம் ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம். அப்பவும் நொண்டல் கொஞ்சம் நிக்கும்."

"சரிம்மா," என்றான் சுப்பராயன்.

ரயிலில் முனியம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஆம்பூர் ஸ்டேஷன் வந்ததும் பிள்ளையை அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் சுப்பராயன் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனான். குழியிலிருந்து எடுத்துக் காயவைத்த தோல் ஒன்றை ஆபித் பாஷா நீட்டினார். அவன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆச்சாப்பா?"

"தெரியல பாய்."

"இன்னா தெரியல?"

"தெரியல."

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோலை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் முனியம்மா அடுப்படியில் இருந்தாள். அமிர்தவள்ளி பழக்கத்தில் மணையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுப்பராயன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினான். துண்டை எடுத்துத் துடைத்தான்.

"நைனா, செவப்பு இருக்கா பாரு."

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப நல்லாயிடுச்சு," என்றாள் பிள்ளை.

சுப்பராயன் விரலிடுக்குகளை இன்னொரு தடவை துடைத்தான். ஏற்கனவே ஈரம் இல்லை.